கன்றுக்காகவே பசு வளர்ப்பது கட்டுபடியாகுமா?

கேள்வி (ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு):
எங்கள் பட்டியில் பாலைக் கறக்காமல் முழுவதையும் கன்றுகளுக்கே விட்டு, வளர்ந்த நாம்பன்களை (இளங்காளைகளை) இறைச்சிக்கு விற்கிறோம். காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) வயல் விதைத்ததும் மேய்ச்சல் சுருங்கி, மேய்ப்பவரின் கூலியும் ஏறிவிடுகிறது. இதில் இலாபம் எதிர்பார்க்கலாமா?

பதில் 1:
ஐயா, கன்றின் விலையைவிட, எத்தனை மாதத்துக்கு ஒரு கன்று கிடைக்கிறது என்பதையே முதலில் பாருங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள் ஆகையால், ஆண்டுக்கொரு கன்று வேண்டுமெனில் ஈன்ற 82 நாளுக்குள் பசு மீண்டும் சினைப்பட வேண்டும். விலா எலும்பு தெரிய மெலிந்து, நாள் முழுதும் கன்றுக்கு ஊட்டும் பசு அதற்குள் பருவத்துக்கு வருவது அரிது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஈன்றால், அவ்விரண்டு ஆண்டுச் செலவையும் ஒரே கன்றின் விலையில்தான் எடுக்கவேண்டும்.

பதில் 2:
காலையில் ஒரு நேரம் கறந்துவிட்டு, பிறகு அளவோடு கன்றை ஊட்டவிடுவதே நம் பகுதிக்குப் பொருந்தும் என்பேன். பால் காசு மேய்ப்புக் கூலியைத் தாங்கும். அறுவடை வைக்கோலை எரிக்காமல், 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா வீதம் நீரில் நன்கு கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்து எடுத்து, மேய்ச்சல் குறையும்போது மாடுகளுக்குத் தீனியாகக் கொடுங்கள். இளங்கன்றுகளுக்கு மட்டும் அதைக் கொடுக்கவேண்டாம்.

பதில் 3:
மலட்டுப் பசுக்களையும் இலட்சுமி என்று பட்டியில் வைத்திருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. விற்க மனம் வருகிறவர்கள்தான் குறைவு.