ஒமேகாவின் யானோஷ் கோபோர்: அந்தக் குரலை நீங்கள் எங்கே கேட்டீர்கள்?

முற்றத்துவீடு

2021 டிசம்பர் 6. கோபோர் கோவிட் தொற்றில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்த நாள். ஹங்கேரியின் புகழ்பெற்ற ராக் குழு ஒமேகா, அதன் பாடகர் அவர். நான் அப்போது புடாபெஸ்டில் மாணவன். எட்டாவது வட்டாரத்துப் பழைய கட்டடம். நடுவில் முற்றம், ஒவ்வொரு மாடியிலும் அதைச் சுற்றி இரும்புக் கம்பி வைத்த வராந்தா. பக்கத்து வீட்டுக் கிழவர் என்னிடம் பேசியதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிப் போடாதே என்பதற்குத்தான். அன்று அந்தக் குளிரில் ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்து வைத்து ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்தார். முத்துக் கூந்தல் பெண்ணைப் பற்றிய ஒமேகாவின் அந்தப் புகழ்பெற்ற பாட்டு. காய்கறிப் பையோடு வந்த என்னை நிறுத்தி, தட்டின் உறையைக் கையில் கொடுத்தார். ஓரங்களில் செல்லோடேப் பழுப்பேறியிருந்தது. ஏன் கொடுத்தார் என்று தெரியவில்லை. கீழே வைத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அந்தப் பக்கம் முடியும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். அவரும் எதுவும் சொல்லவில்லை. தட்டு முடிந்ததும் உறையை வாங்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி செருப்புப் பஞ்சாயத்து.

ராப்பித்தன்

நான் அமெரிக்க ராப் பாடகர் கன்யே வெஸ்ட் வழியாக வந்தவன். 2013-இல் அவர் வெளியிட்ட 'நியூ ஸ்லேவ்ஸ்' கடைசியில் திடீரென்று வேறொரு உலகம் திறக்குமே, அது இதே முத்துக் கூந்தல் பாட்டிலிருந்து எடுத்த கோபோரின் குரல் என்று தெரிய எனக்கு வெகுகாலம் ஆனது. அலுவலகத்தில் ஹங்கேரிக் கிளையோடு வீடியோ கூட்டம். எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தபோது, மைக் திறந்திருப்பது தெரியாமல் அந்த லாலலாவை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் ஒரு மூத்த கணக்காளர். எனக்கு வந்த மின்னஞ்சல் ஒன்றிலும் வணக்கம்கூடப் போட்டதில்லை. அவர் கேமராவை அணைத்துவிட்டு மிச்சத்தைப் பாடி முடித்தார். கேமராவை எதற்கு அணைத்தார் என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கம்யூனிச ஆட்சியில் 1969-லேயே இப்படி ஒரு பாட்டை எழுதிப் பாடிய புரட்சிக்காரர் கோபோர். வணக்கம் அவருக்கு.

பழைய உதவித்தொகை

ராப்பித்தன் அவர்களே, எழுதியவர் கோபோர் அல்ல. இசை அப்போது ஒமேகாவில் இருந்த காபோர் பிரெஸ்ஸர், வரிகள் அன்னா அடாமிஷ். நீங்கள் சொல்லும் கன்யே விஷயத்தில் 2016-இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டவரும் பிரெஸ்ஸர்தான். 10,000 டாலர் காசோலை ஒன்று அவருக்கு வந்திருக்கிறது. மாற்றாமல் வைத்துக்கொண்டு 25 லட்சம் டாலர் கேட்டார். மறு ஆண்டு சமரசமானது. ஜெர்மன் ராக் குழு ஸ்கார்பியன்ஸ் 1994-இல் ஆங்கிலத்தில் 'ஒயிட் டவ்' என்று பாடியதும் இதே மெட்டு.

புரட்சிக்காரர் என்பதும் சரியல்ல. களைத்துப்போன சூரியன் பச்சை ஏரியின் மடியில் தூங்கிவிட்டதாகத் தொடங்கும் பாட்டில் அரசெதிர்ப்பு எங்கே இருக்கிறது? அன்றைய ஹங்கேரிய ஆட்சியில் கலையை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: ஆதரிப்பது, சகிப்பது, தடுப்பது. ஒமேகா காலத்துக்கேற்ப முதல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. 1968-லேயே இங்கிலாந்து போய் டெக்கா நிறுவனத்துக்கு ஒரு தட்டு பதிவு செய்து வந்தவர்கள். எழுபதுகளில் மேற்கு ஜெர்மனிக்குப் போய்ப் பாடிவிட்டு வீடு திரும்ப அனுமதி இருந்தவர்கள். அதே சமயம், 1971-இல் பிரெஸ்ஸர் பிரிந்துபோய் லோகோமோட்டிவ் ஜி.டி. என்ற குழுவைத் தொடங்கிய பிறகு ஒமேகா தயாரித்த போர் பற்றிய தொகுப்பை அரசு ரெக்கார்டு நிறுவனம் வெளியிட மறுத்தது. இருந்ததே அந்த ஒரு நிறுவனம்தான். ஆங்கில வடிவம் 1974-இல் ஜெர்மனியில் வந்தது, ஹங்கேரிய வடிவம் வர 1998 ஆனது. சலுகையும் கிடைத்தது, அடியும் விழுந்தது. இதை ஒற்றைச் சொல்லில் அடைக்காதீர்கள்.

என் அனுபவம் சின்னது. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே படித்தேன். புடாபெஸ்டின் கிஷ்ஸ்டாடியோன் அரங்கில் ஒமேகாவின் திறந்தவெளிக் கச்சேரி. மேடை எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கோபோரின் தலைமுடி மட்டும் தெரிந்தது. எனக்கு முன்னால் ஒரு இளம் போலீஸ்காரர், கூட்டத்தைப் பார்த்தபடி மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார். தொப்பி வார் தாடையை இறுக்கியிருந்தது. உதடுகள் மட்டும் பாட்டோடு அசைந்தன. மேலதிகாரி நடந்து வந்தார், உதடுகள் நின்றன. அவர் கடந்து போனதும், விட்ட இடத்தில் அல்ல, கோபோர் அப்போது பாடிக்கொண்டிருந்த வரியில் சரியாகச் சேர்ந்துகொண்டார். நடுவில் மனதுக்குள் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ராப்பித்தன்

சரி ஐயா, எழுதியவர் பிரெஸ்ஸர். ஆனால் கணக்காளர் பாடியது பிரெஸ்ஸரை நினைத்தா, கோபோரின் குரலை நினைத்தா? பாடகர்தான் பாட்டு என்பது என் கட்சி.

ஆர்கன்பெஞ்சு

வயதான பிறகு அவர்கள் தேவாலயங்களில் ஒரேட்டோரியோ என்று பாடகர் குழுவோடு கச்சேரி நடத்தினார்களே, அதில் ஒன்றுக்குப் போயிருந்தேன். முழங்கால் போடும் பலகை காலில் இடிக்கும் மர பெஞ்சு. 70 வயதைத் தாண்டிய கோபோர், தோளில் விழும் முடி, பின்னால் பாடகர் குழு. முதல் பாட்டு முடிந்ததும் கோவிலில் கை தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அமைதியை என்னால் விவரிக்க முடியாது, வயிற்றைப் பிசைந்தது. கட்டடக் கலை படித்துவிட்டு, 1962-இல் தொடங்கிய ஒரு குழுவோடு வாழ்நாள் முழுவதும் நின்ற மனிதர், கோடை மழைக்கு முந்தைய வானம் போல எந்தப் பக்கமும் காட்டாத ஒரு கூட்டத்தின் முன்னால் காத்திருந்தார். பிறகு பின்வரிசையில் யாரோ தட்டினார். சிதறலாகத் தொடங்கி, அந்த ஊர் வழக்கப்படி எல்லாக் கைகளும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. மேடையில் அன்று அவரோடு இருந்த கீபோர்டு பெங்கோவும் பேஸ் கிடார் மிஹாயும் 2020 நவம்பரில் மூன்று நாள் இடைவெளியில் போனார்கள், 18-ஆம் தேதி ஒருவர், 21-ஆம் தேதி ஒருவர். அடுத்த டிசம்பரில் இவர்.

தட்டுவேட்டை

புடாபெஸ்டின் எச்செரி பழம்பொருள் சந்தையில் ஒமேகா தட்டு ஒன்று வாங்கினேன். பேரம் பேசியதற்குக் கடைக்காரர் தட்டைத் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கேட்ட விலையைக் கொடுத்த பிறகே வெளியே எடுத்தார். அவ்வளவுதான்.

புதிதாகக் கேட்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு ஒமேகா தெரியும் என்று சொல்லாதீர்கள். 1977-இன் இடோரப்லோ, 1978-இன் சில்லகோக் ஊத்யான், 1979-இன் காமாபோலிஸ், இந்த மூன்று தொகுப்புகளையும் வரிசையாகக் கேளுங்கள். கோபோர், பெங்கோ, மிஹாய், கிடார் மோல்னார், டிரம்ஸ் டெப்ரெசேனி என்ற ஐவர் அணி முழு பலத்தோடு இருந்த காலம். சின்தசைசர் அலை அலையாக வரும், கோபோர் அதற்கு மேலே கத்தாமல், மூக்கை ஒட்டிய அந்த மெல்லிய தொண்டையில் மிதப்பார். ஆங்கிலப் பதிப்புகளைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அவர் ஒவ்வொரு எழுத்தையும் படி பார்த்து இறங்குவதுபோல எனக்குப் படுகிறது. தாய்மொழியில் அந்தத் தயக்கமே இல்லை. பழைய தட்டு வாங்கினால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பார்ட்டிகளில் தேய்ந்தவைதான் அதிகம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ராத்திரி கேளுங்கள். வீட்டில் மற்றவர்கள் தூங்கிய பிறகு என்றால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய உதவித்தொகை

இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், 1969-இன் பத்தாயிரம் அடிகள் தொகுப்பை விட்டுவிட்டு 1977-இல் தொடங்கச் சொல்வது என்ன நியாயம்? பிரெஸ்ஸர் போன பிறகு வந்ததெல்லாம் மேடை வெளிச்சமும் புகையும்தான் என்று அப்போதே எங்கள் விடுதியில் பாதிப் பேர் சொல்வார்கள். நான் அந்தப் பாதியில் இல்லை. ஆனாலும் தொடங்குவது 1969-இலிருந்துதான்.