பழைய உலக சினிமா டிஸ்க்குகள்: எந்தப் பதிப்பை வாங்கலாம், எதை விற்கக் கூடாது

(டிஸ்க் சேகரிப்பவர்கள் குழுவில் பலர் எழுதியவை இவை; நட்சத்திரக் குறிக்குப் பின் அடுத்தவர் பேசுகிறார்.) ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயின் படங்கள் அடங்கிய பெட்டியை வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் கையில் பழைய பதிப்பு இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட அந்த ஏழு படங்களில் சிலவற்றை இயக்குநரே உட்கார்ந்து மாற்றியிருக்கிறார். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' 1995-இல் 1.85 அளவில் (உயரத்தைப் போல் 1.85 மடங்கு அகலம்) வெளிவந்த படம், புதிய பதிப்பில் 2.39. 'ஹேப்பி டுகெதர்' நெகட்டிவில் ஒரு பகுதி 2019-இல் தீயில் போய்விட்டது. காட்சியோடு ஒலியும் போனதால் நாயகன் டோனி லியுங்கின் குரலில் வரும் தனிமொழிகள் சிலவற்றைக் குறுக்க வேண்டிவந்தது என்று இயக்குநரே எழுதியிருக்கிறார். அந்த வரிகள் வேண்டுமென்றால் பழைய டிஸ்க்தான் கதி.

அதிகம் சண்டை நடப்பது 'இன் த மூட் ஃபார் லவ்' நிறத்தைப் பற்றி. 2012-இல் வந்த ப்ளூரேயையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். படிக்கட்டில் நாயகி மேகி சியுங் நூடுல்ஸ் தூக்கோடு இறங்கும் காட்சி போதும். பழையதில் சிவப்பும் பழுப்பும் ஓங்கியிருக்கும். புதியதில் நிழல்களிலும் சுவரிலும் பச்சை ஏறியிருக்கும், சிவப்பு அடங்கியிருக்கும். கிரெயினும் (ஃபிலிமுக்கே உரிய நுண்பொடித் தோற்றம்) நுணுக்கமும் புதியதில் மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்கேன் முன்னேறியிருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம்.

*

மேலே அண்ணா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. இயக்குநர் உயிரோடு இருந்து, தன் பெயரைப் போட்டு மாற்றினால் அது அவருடைய உரிமை. எனக்கு வருத்தம், பழைய வடிவத்தை அதே பெட்டியில் கூடுதல் டிஸ்க்காக வைக்கவில்லையே என்பதுதான். 2000-இல் தியேட்டரில் மக்கள் பார்த்ததும் வரலாறு. அது சந்தையிலிருந்து மறைந்துபோனால் அடுத்த தலைமுறை பச்சைப் படத்தைத்தான் மூலம் என்று நம்பும்.

இயக்குநர் இறந்துபோன படங்களின் புதிய டிஸ்க்குகளில் வரும் மஞ்சள் வேறு விவகாரம். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனின் 'த குட், த பேட் அண்ட் தி அக்ளி' 2014 ப்ளூரேயில் படம் முழுக்க மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. 2021-இல் கீனோ லோர்பர் நிறுவனம் வெளியிட்ட 4கே (ப்ளூரேயைவிட நான்கு மடங்கு பிக்சல்) டிஸ்க்கில் அதைப் பெருமளவு சரிசெய்தார்கள். வேண்டுமென்றே வைத்த நிறமா, பின்னால் ஏற்றிய சாயமா என்று பிரிக்க ஒரு வழி: முகத்தைப் பார்க்காதீர்கள், ஒப்பனையும் வெளிச்சமும் ஏமாற்றும். வெள்ளையாக இருந்தே தீர வேண்டிய பொருளைத் தேடுங்கள். காகிதம், மேகம், சலவைச் சட்டை, கண்ணின் வெண்படலம். உள்ளறை, வெட்டவெளி, இரவு என்று வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த பத்துக் காட்சிகளிலும் எல்லா வெள்ளையும் ஒரே அளவு மஞ்சளாக இருந்தால் அது ஒளிப்பதிவாளர் வைத்தது இல்லை, மொத்தமாக ஏற்றியது. நீல வானம் பசுநீலமாகத் திரும்பியிருப்பது இரண்டாவது சாட்சி.

*

அட்டையில் '4கே ரீஸ்டோரேஷன்' என்று போட்டிருந்தால் உடனே காசை எடுக்காதீர்கள். எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. கேமராவில் ஓடிய மூல நெகட்டிவா, அதிலிருந்து எடுத்த ஃபைன் கிரெயின் பாசிட்டிவா (மேலும் நகலெடுக்கவே எடுக்கும் பிரதி), அதிலிருந்து மறுபடி எடுத்த டூப் நெகட்டிவா, தியேட்டர் பிரிண்டா? ஒவ்வொரு தலைமுறை நகலுக்கும் கூர்மை குறையும், கான்ட்ராஸ்ட் ஏறும், நிழலுக்குள் இருக்கும் விவரம் போகும். நல்ல வெளியீட்டாளர்கள் உள்ளே வைக்கும் சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதியிருப்பார்கள். அங்கே ஒன்றுமே சொல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

ஜப்பான் இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) மூல நெகட்டிவ் தீயில் அழிந்துவிட்டது. எந்த நாட்டு டிஸ்க் வாங்கினாலும் அந்தப் படம் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். அதற்கு டிஸ்க்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இன்னொரு ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' நெகட்டிவும் இன்று இல்லை.

1927-இல் வந்த ஜெர்மன் மௌனப் படம் 'மெட்ரோபோலிஸ்' இன்னும் தெளிவான பாடம். 2008-இல் பியூனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் கிடைத்தது ஒரு 16 மி.மீ. நகல். அதை வைத்து, தொலைந்திருந்த ஏறக்குறைய 25 நிமிடம் திரும்பச் சேர்க்கப்பட்டு, 2010 பிப்ரவரியில் பெர்லினில் திரையிட்டார்கள். சேர்த்த காட்சிகள் வரும்போதெல்லாம் மழை பெய்வதுபோல் கோடுகள். "இதைக்கூடத் துடைக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே கீறல் விழுந்த 35 மி.மீ. பிரிண்டைப் படம்பிடித்துத்தான் அந்த 16 மி.மீ. உருவானது. அதாவது கீறல் ஃபிலிமின் மேல் இல்லை, படத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறது. கழுவினால் போகாது. மென்பொருளால் அழுத்தித் துடைத்தால் முகமும் சேர்ந்து போகும். சட்டகத்தின் விளிம்பும் அந்த நகலில் வெட்டுப்பட்டிருந்தது. அப்படியே விட்டது சரியான முடிவு.

நம் நாட்டுப் படம் ஒன்று இதில் சேரும். சத்யஜித் ராயின் அபு மூன்று படங்களின் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் லேப் தீயில் சிக்கின. கருகிச் சுருண்ட ஃபிலிமை இத்தாலியின் போலோன்யாவில் ஈரப்பதம் ஏற்றி மென்மையாக்கி, ஓரத்துத் துளைகளைக் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். அந்தக் கைவேலைக்கே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் நெகட்டிவிலிருந்து மீண்டன. மீதியும் மூன்றாவது படம் முழுவதும் வேறு நகல்களிலிருந்து. ஒரே காட்சியில் ஒரு ஷாட் கத்திபோல் கூர்மையாகவும் அடுத்த ஷாட் சற்று மங்கலாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். டிஸ்க்கில் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

*

ஒலியை யாரும் பேசவில்லை, நான் சேர்க்கிறேன். ஐரோப்பிய டிவிடிகள் பெரும்பாலும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை. நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். 4 சதவீதம் வேகம், சுருதி கிட்டத்தட்ட முக்கால் அரைச்சுரம் மேலே. 207 நிமிட 'செவன் சாமுராய்' 199 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெட்டிவிட்டார்கள் என்று பதறாமல், முழு நீளத்தை 0.96 ஆல் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். இசை தெரிந்த காதுக்கு இது பெரிய தொந்தரவு.

மோனோவில் (ஒரே ஒலித்தடம்) எடுத்த படத்தை 5.1 ஆக (ஆறு ஒலித்தடம்) விரித்திருந்தால் மெனுவில் மூல மோனோ தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். லியோனின் அதே படத்தில், 2003-இல் சேர்த்த காட்சிகளுக்கு ஈஸ்ட்வுடும் எலி வாலக்கும் வயதான குரலில் புதிதாகப் பேசினார்கள். லீ வான் கிளீஃப் அப்போது உயிரோடு இல்லை, வேறொருவர் பேசினார். நீளமான பதிப்பு எப்போதும் மேலானது என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

*

ரீஜியன் (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற பூட்டு) விஷயம் தெரியாமல் காசை வீணாக்காதீர்கள். ப்ளூரேயில் அமெரிக்கா, ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. இந்தியாவும் இலங்கையும் சி. கிரைட்டீரியன் அமெரிக்க ப்ளூரே ஏ பூட்டு, பிரிட்டனின் யுரேகா, பிஎஃப்ஐ நிறுவனங்களின் டிஸ்க்குகள் பெரும்பாலும் பி பூட்டு. ஆகவே சென்னையிலோ கொழும்பிலோ வாங்கிய சாதாரண பிளேயரில் இரண்டுமே ஓடாது, கிரைட்டீரியனின் அபு பெட்டி உட்பட. குழுவில் இருக்கும் சிங்கப்பூர்த் தம்பிக்கு ஏ பூட்டு பிரச்சினையில்லை. 4கே டிஸ்க்குக்கு ரீஜியனே கிடையாது. ஆனால் கூடவே வரும் ப்ளூரேக்கு உண்டு, நேர்காணல்களும் ஆவணப்படங்களும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கணினி டிவிடி டிரைவில் ரீஜியனை ஐந்து தடவைதான் மாற்றலாம், அதன்பின் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

*

வாங்கிய டிஸ்க்கைச் சோதிக்கும் முறை. முதலில் டிவியில் ஷார்ப்னஸைப் பூஜ்யமாக்குங்கள் (சில மாடல்களில் நடுநிலை எண் வேறு), மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு) அணையுங்கள், ஃபிலிம்மேக்கர் அல்லது சினிமா மோடுக்கு வாருங்கள். இதைச் செய்யாமல் டிஸ்க்கைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பிறகு மங்கலான பின்னணியில் முகம் மெதுவாகத் திரும்பும் காட்சி ஒன்றை ஓட்டுங்கள். கிரெயின் சட்டகத்துக்குச் சட்டகம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். முகம் அசையும்போது கிரெயின் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால், கன்னம் மெழுகாகத் தெரிந்தால், இரைச்சல் நீக்கியை (கிரெயினைத் துடைக்கும் மென்பொருள்) தாராளமாக ஓட்டியிருக்கிறார்கள். வானத்தின் முன் நிற்கும் கம்பத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் செயற்கைக் கூர்மை.

டிவிடியை நிறுத்தி, சட்டகம் சட்டகமாக நகர்த்துங்கள். அமெரிக்க, ஜப்பான் டிவிடியில் ஐந்து சட்டகத்தில் மூன்று சுத்தமாகவும் இரண்டு சீப்புப் பல்போல் கோடு கோடாகவும் வந்தால் கவலை வேண்டாம், நல்ல பிளேயர் அதைச் சரிசெய்துவிடும். இரண்டு உருவம் ஒன்றன்மேல் ஒன்று ஆவிபோல் கலந்திருந்தால் அது பால் முறை மூலப் பிரதியிலிருந்து மாற்றியது, எந்தப் பிளேயராலும் பிரிக்க முடியாது.

அளவையும் பார்த்துவிடுங்கள். 1.66 படம் ப்ளூரேயில் ஏறக்குறைய 1793 பிக்சல் அகலம், 1.37 என்றால் 1480. 1.66 படம் 1920 முழுவதையும் நிரப்பினால் தலையும் காலும் வெட்டப்பட்டிருக்கும்.

இங்கே ஒப்பீட்டுப் படம் போடுபவர்கள் பிஎன்ஜியாகப் போடுங்கள், ஜேபெக் கிரெயினைத் தின்றுவிடும். இரண்டு டிஸ்க்கிலும் அதே சட்டகம் வேண்டும். ஒன்று ஐ-சட்டகமும் (முழுதாகச் சேமித்தது) மற்றது பி-சட்டகமுமாக (அண்டைச் சட்டகங்களிலிருந்து உள்ள வேறுபாட்டை மட்டும் சேமித்தது) இருந்தால் பின்னது வீணாகத் தோற்கும். எச்டிஆர் (ஒளி வீச்சு அதிகமுள்ள) டிஸ்க்கை நேரடியாகப் பிடித்தால் சாம்பலாக வரும், அதை வைத்து நிறம் வெளிறிவிட்டது என்று எழுதாதீர்கள். எந்த டோன் மேப்பிங் (அந்த வீச்சைச் சாதாரணத் திரைக்குச் சுருக்கும்) அமைப்பு என்று கூடவே குறிப்பிடுங்கள்.

*

சார், நீளமான படத்துக்கு பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு) பற்றி ஒரு வரி. 207 நிமிடத்தை 50 ஜிபி டிஸ்க்கில் ஏற்றினால் ஒலி, சப்டைட்டில் எல்லாம் சேர்த்து நொடிக்குச் சராசரி 32 மெகாபிட்தான் கிடைக்கும், 25 ஜிபியில் 16. கிரெயின் மிகுந்த கறுப்புவெள்ளைப் படத்துக்கு 16 பற்றாது, மழையிலும் புகையிலும் கட்டம் கட்டமாக உடையும். 'செவன் சாமுராய்' வாங்குபவர்கள் கடைசி மழைச் சண்டையை முதலில் ஓட்டிப் பாருங்கள்.