கேப் ஒயின் பண்ணைகள்: மூன்று நாள், இரண்டு பேர், ஒருவர் சைவம்

டர்பன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் டர்பனிலிருந்து கேப்டவுனுக்குப் பறந்து, மூன்று நாள் ஒயின் பண்ணைகளைச் சுற்றலாம் என்றிருக்கிறோம். கான்ஸ்டான்ஷியா, ஸ்டெல்லன்போஷ், ஃபிரான்ஷ்ஹூக் என்ற மூன்று ஒயின் பகுதிகளும் பட்டியலில் இருக்கின்றன. அவள் சுத்த சைவம், நான் எல்லாம் சாப்பிடுவேன். இருவருக்குமே ஒயின் புதுசு.

நாளுக்கு ஐந்து பண்ணை பார்த்துவிடலாமா? தைப்பூசம் முடிந்து பிப்ரவரி கடைசியில் போவதா, புரட்டாசி விரதம் முடிந்து அக்டோபர் கடைசியில் போவதா? வாங்கி வரும் ஒயினை நம் வீட்டுக் காரக் கறியோடு வைத்தால் சேருமா?

பார்ல்பக்கத்து அண்ணன்:

ஐந்து வேண்டாம் தம்பி. இரண்டு போதும், ரொம்ப ஆசை என்றால் மூன்று. கணக்குப் போட்டாலே புரியும். ஒரு டேஸ்டிங்கில் பெரும்பாலும் ஐந்தாறு ஒயின், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மில்லி ஊற்றுவார்கள். ஆறு ஊற்றினால் 180 மில்லி. 13.5 சதவீத ஒயினாக இருந்தால் அதில் ஆல்கஹால் மட்டும் சுமார் 19 கிராம். 60 கிலோ எடையுள்ள பெண் வெறும் வயிற்றில் அத்தனையும் விழுங்கினால், 100 மில்லி ரத்தத்துக்கு 0.05 கிராம் என்ற சட்ட வரம்பை முதல் பண்ணையிலேயே தாண்டிவிடலாம். 75 கிலோ ஆண் அங்கே தப்பித்தாலும் அடுத்த பண்ணையில் மாட்டுவார். உடம்பு மணிக்குச் சுமார் 0.015 தான் குறைக்கும். காபி குடித்தாலும் அந்த வேகம் கூடாது.

அதனால் முதலில் யார் கார் ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள், பண்ணைப் பட்டியல் பிறகு. கான்ஸ்டான்ஷியா கேப்டவுனை ஒட்டியே இருப்பதால் டாக்ஸி போதும். அங்கே க்ரூட் கான்ஸ்டான்ஷியா 1685-இல் தொடங்கிய பண்ணை. பக்கத்தில் க்ளைன் கான்ஸ்டான்ஷியாவில் வின் டி கான்ஸ்டான்ஸ் என்ற இனிப்பு ஒயினை ஒரு வாய் பாருங்கள். மஸ்கட் திராட்சையில் செய்வது. கான்ஸ்டான்ஷியா இனிப்பு ஒயின் ஒரு காலத்தில் செயின்ட் ஹெலினா தீவில் இருந்த நெப்போலியனுக்கே கப்பலில் போனது.

ஸ்டெல்லன்போஷுக்கு ஒரு நாள், ஓட்டுநரோடு வண்டி பிடியுங்கள். ஃபிரான்ஷ்ஹூக்கில் 2012 முதல் ஒயின் டிராம் ஓடுகிறது. டிராமும் பஸ்ஸும் சேர்ந்தது, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறத்தின் பெயர். ஒரு பண்ணையில் இறங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வரும் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். டிக்கெட்டோடு டேஸ்டிங் கட்டணம் சேராது என்று வைத்தே பணம் ஒதுக்குங்கள். எல்லா நிறுத்தத்திலும் இறங்குவேன் என்று அடம்பிடிப்பவர்கள்தான் மூன்று மணிக்குச் சாப்பாடு கிடைக்காமல் அலைவார்கள்.

நேரம் இப்படி: 10.30-க்கு முதல் பண்ணை, 12.30-க்கு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பாடு, மூன்று மணிக்கு இரண்டாவது. நான்கு, ஐந்து மணிக்குப் பல இடங்களில் கதவைச் சாத்திவிடுவார்கள். சாப்பாட்டு மேசையை முன்பே பதிவு செய்யுங்கள், வார இறுதி என்றால் டேஸ்டிங்கையும்தான். ஒரு டேஸ்டிங்கை வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்வதில் வெட்கமே வேண்டாம்.

பிப்ரவரி, மார்ச் அறுவடைக் காலம். டிராக்டர், திராட்சைக் கூடை, புளிக்கும் வாசனை எல்லாம் நேரில் பார்க்கலாம். ஆனால் வெயில் 30-ஐத் தாண்டும், கூட்டமும் விலையும் கூடும், பாதாள அறையில் வேலை செய்பவர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. புதியவர்களுக்கு என் ஓட்டு அக்டோபர் கடைசிக்கு. கொடி துளிர்த்துப் பச்சையாக இருக்கும், ஊற்றுபவரும் நின்று விளக்குவார். நான்காவது நாள் ஒன்று கிடைத்தால் கடலோர ஊரான ஹெர்மானஸில் திமிங்கிலமும் பார்க்கலாம், அது ஜூன் முதல் நவம்பர் வரை கரையோரம் வரும். அங்கேயே ஹெமல்-என்-ஆர்டே பள்ளத்தாக்கில் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் நன்றாக இருக்கும்.

மூக்குக்காரி:

அண்ணன் சொன்ன கணக்குக்கு ஒரே மருந்து, ருசி பார்த்த ஒயினைத் துப்புவதுதான். மேசையில் ஒரு வாளியோ கிண்ணமோ இருக்கும். நம்மூர் ஆட்கள் அதைப் பூச்சாடி மாதிரி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், அங்கே வேலை செய்பவர்களே அப்படித்தான் ருசி பார்க்கிறார்கள். உதட்டைக் குவித்து, குனிந்து, ஒரே தாரையாகத் துப்ப வேண்டும். அரைகுறையாகத் துப்பினால் தாடையில் வழிந்து வெள்ளைச் சட்டை போய்விடும். முந்தின இரவு குளியலறைத் தொட்டியில் தண்ணீரை வைத்துப் பழகுங்கள்.

அன்றைக்கு சென்ட், மணக்கும் தலைமுடி எண்ணெய் வேண்டாம். மல்லிகைச் சரமும் வேண்டாம் அக்கா, கிளாஸில் மூக்கை வைத்தால் மல்லிகைதான் வரும்.

வரிசை: நுரைக்கும் எம்சிசி (மெத்தோட் கேப் கிளாசிக், ஷாம்பெயின் முறையில் இங்கே செய்வது), பிறகு மெல்லிய வெள்ளை, மரப்பீப்பாயில் வைத்த வெள்ளை, மெல்லிய சிவப்பு, கனமான சிவப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பை முதலில் குடித்தால் அடுத்தது எல்லாம் புளிப்பாகத் தெரியும். கிளாஸைத் தண்டில் பிடித்து முதலில் சும்மா முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பத்து விநாடி வைத்திருந்து துப்புங்கள். துப்பிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் தரத்துக்கு நல்ல அடையாளம். இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் கார்க் கெட்டது, வேறு பாட்டில் கேளுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றுவார்கள். நெயில் பாலிஷ் நெடி என்றால் ஆவியாகும் அமிலம் கூடிவிட்டது. பினோடாஜ் என்ற சிவப்பு ஒயின் மேல் பலருக்குப் பழைய கோபம் உண்டு, அந்த நெடியும் பழுத்த வாழைப்பழ வாசனையும் முன்பு அதில் அதிகம். சூடாகப் புளிக்க விட்டதும் அதற்கு ஒரு காரணம். இப்போது கவனித்துச் செய்கிறார்கள். 1925-இல் ஸ்டெல்லன்போஷில் பேராசிரியர் பெரோல்ட், பினோ நுவாரையும் சின்சோவையும் கலந்து உருவாக்கிய இந்த நாட்டுத் திராட்சை அது. ஒரு தடவையாவது பார்க்காமல் திரும்பாதீர்கள்.

சைவச் சமையலறை:

சைவம் என்று சொன்னீர்களே, ஒரு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பாலின் கேசீன், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சில பண்ணைகள் பயன்படுத்துகின்றன. பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளிய வைப்பவர்களும் உண்டு, எதையும் போடாமல் தானாகவே தெளிய விடுபவர்களும் உண்டு. "எதைப் போட்டுத் தெளிய வைத்தீர்கள்" என்று ஊற்றுபவரிடம் நேராகக் கேளுங்கள். "வீகன்" என்று லேபிளில் இருந்தால் கவலையில்லை. பாலாடைக்கட்டியோடு சேர்த்துத் தரும் டேஸ்டிங்கில் பாலை உறைய வைக்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததா என்றும் கேளுங்கள். பார்லில் ஃபேர்வியூ ஆட்டுப்பால் சீஸுக்குப் பெயர் போனது. சீஸ் சாப்பிடும் சைவர்களுக்கு அங்கே நல்ல மதியம் கழியும்.

இனி கறி. மிளகாயோடு துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் ஏறும். மசாலா தூக்கலான டர்பன் மட்டன் கறிக்கு 14.5 சதவீதக் கேபர்னே என்ற கனமான சிவப்பு ஒயினை வைத்தால் வாய் எரியும், ஒயினும் கசக்கும், இரண்டுக்கும் நஷ்டம். லிட்டருக்கு 5 முதல் 12 கிராம் வரை சர்க்கரை மீந்திருக்கும் செனின் ப்ளாங்க் என்ற வெள்ளை ஒயின், ஆல்கஹால் 13 சதவீதத்துக்குள், நன்றாகக் குளிர்ந்து இருந்தால் காரம் அடங்கும். செனின் இந்த நாட்டில் அதிகம் பயிராகும் திராட்சை என்பதால் விலையும் கையைக் கடிக்காது. புளி ஊற்றிய மீன் கறிக்கு ஒயினிலும் புளிப்பு வேண்டும். கேப்டவுன் பக்கத்து டர்பன்வில்லின் சாவின்யோன் ப்ளாங்க் என்ற வெள்ளை ஒயினை எடுங்கள், அதன் பச்சை வாசனை கொத்தமல்லித் தழையோடு ஒத்துப்போகும். குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பும் பன்னி சௌவை பீன்ஸில் செய்தால் எம்சிசி. வறுத்த சமோசா, வடைக்கும் அதுதான், நுரையும் புளிப்பும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிடும்.

பிராய்க்காரன்:

சைவச் சமையலறை அக்கா சொல்வது காரத்துக்குச் சரி. ஆனால் மட்டனுக்கு வெள்ளை ஒயினா? ஸ்வார்ட்லேண்ட் பகுதியின் சின்சோவோ கிரெனாஷோ, துவர்ப்புக் குறைந்த சிவப்பு, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து லேசாகக் குளிர்ந்ததும் எடுத்தால் கறியோடு நன்றாகவே போகும். கேபர்னேயைத் தீயில் வாட்டிய ஆட்டு விலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், உப்பும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும்.

சைவச் சமையலறை:

கறியில் மிளகாய்த்தூளைப் பாதியாக்கினால் சின்சோவுக்குச் சம்மதம். குறைக்காவிட்டால் செனின்தான்.

டர்பன்வாசி:

அக்டோபர் கடைசி என்று முடிவாகிவிட்டது, நாளுக்கு இரண்டே பண்ணை. மனைவி துப்பிப் பழகவும் ஆரம்பித்துவிட்டாள். ஆறு பாட்டில் விமானத்தில் கொண்டுவர முடியுமா?

பார்ல்பக்கத்து அண்ணன்:

முடியும், ஆனால் எடை பாருங்கள். கண்ணாடியோடு ஒரு பாட்டில் 1.2 முதல் 1.5 கிலோ, எம்சிசி இன்னும் கூடும். ஆறு என்றால் ஏழு முதல் ஒன்பது கிலோ, 23 கிலோ பெட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் படுக்க வையுங்கள். ஒன்று உடைந்தாலும் புடவை தப்பும். அதற்கு மேல் வாங்கினால் பண்ணையிலேயே ஆறு, பன்னிரண்டு பாட்டில் பெட்டியாக வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பகல் முழுக்க வாங்கியதைக் கார் டிக்கியில் விட்டுவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே சூடு ஏறினால் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், பழ வாசனை போய் வெந்த ஜாம் மாதிரி ஆகிவிடும். பாட்டிலை இருக்கைக்குக் கீழே ஐஸ் பெட்டியில் வையுங்கள், அல்லது கடைசிப் பண்ணையில் மட்டும் வாங்குங்கள்.

டர்பன் வீட்டில் ஏசி இல்லாத அலமாரியில் வருடக்கணக்கில் சேர்க்க வேண்டாம். வெள்ளையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள், சிவப்பை ஊற்றும் முன் இருபது, முப்பது நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கார்க் போட்டதைப் படுக்க வையுங்கள், திருகு மூடி என்றால் நிற்க வைத்தாலும் பரவாயில்லை.