செருப்பத் தொட்டுட்டுப் போ சாமி (நம்ம குடும்பம், கோபி குரூப்)

ரம்யா: அத்தை ஒரு டவுட்டு. காலைல ஆதிகிட்ட வெயிலு கொளுத்துது செருப்பத் தொட்டுட்டுப் போ சாமின்னு சொன்னீங்கல்ல, அவன் குனிஞ்சு ரெண்டு செருப்பையும் கையால தொட்டுட்டு வெறுங்காலோட ஓடிட்டான் 😂😂

சரசு அத்தை: நானும் பாத்தன் கண்ணு. கோயில் படியத் தொட்டுக் கும்புடற மாதிரி கண்ணுல ஒத்திக்கிட்டு வேற போறான்

பிரபு பெங்களூர்: நம்ம ஊருல செருப்பத் தொடறதுன்னா கால்ல போடறது, மெட்ராஸ்ல வளந்த பையனுக்கு போட்டுக்கோன்னு சொன்னாத்தான் புரியும் அத்தை. நீங்க பேசறது தெலுங்கு, அவங்கதான் செப்புலு தொடுக்கோம்பாங்க

வாத்தியார் மாமா: தெலுங்குலயும் இருக்குது, அதுக்காக நம்ம வார்த்தையத் தூக்கி அவங்களுக்குக் குடுத்தராத பிரபு. பெரும்பாணாற்றுப்படைல ஆடு மாடு மேய்க்கறவரு காலச் சொல்றப்ப "தொடுதோல் மரீஇய வடுவாழ் நோனடி"ன்னு வருது. தொடுதோல்னா செருப்பு, கால்ல தொடற தோலு. அதத் தொட்டுத் தொட்டே தழும்பு விழுந்து உரமேறுன காலுன்னு அர்த்தம். உங்கத்தை பேசறது சங்கத் தமிழப்பா

சரசு அத்தை: இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் இவரு என்னைய மெச்சறாரு

சாந்தி சித்தி: கேஸ் புக் பண்ண யாராச்சும் ஓடிபி அனுப்புங்க

பிரபு பெங்களூர்: சரி மாமா ஒத்துக்கறன், இங்க கன்னடத்துலயும் துணிமணிக்கு உடுகெ தொடுகெம்பாங்க, அப்ப தொடுன்னா உடம்புல போட்டுக்கறதுதான். ஆனா செருப்புக்கு பழைய ஆளுங்க கெரன்னு சொல்றாங்களே அது என்ன

வாத்தியார் மாமா: அதும் நம்ம செருப்போட பங்காளிதான். நம்ம செவி அங்க கிவி, அதே மாதிரி செருப்பு அங்க கெர. முன்னால இருந்த கானா நம்ம பக்கம் சானா ஆயிருச்சு

ரம்யா: செருப்பும் அவ்ளோ பழசா மாமா? நான் காலணிதான் சுத்தத் தமிழ்னு நெனச்சேன்

வாத்தியார் மாமா: புறநானூறு 257 பாரும்மா, எதிரிக்கு ஓயாம தொல்ல குடுக்கற வீரனை "செருப்பிடைச் சிறுபரல் அன்னன்"னு பாடியிருக்காங்க. செருப்புக்குள்ள மாட்டுன பொடிக்கல்லு. நடந்து பாத்தவன்தான் இத எழுதிருக்க முடியும். இன்னொண்ணு, செருப்புன்னு சேரநாட்டுப் பக்கம் ஒரு மலையே இருந்துச்சு. பதிற்றுப்பத்துல பாலைக் கௌதமனாரு, பல்யானைச் செல்கெழு குட்டுவன "மிதியல் செருப்பின் பூழியர் கோவே"ங்கறாரு. செருப்பு மலை இருக்கற பூழியரோட ராசாவேன்னு அர்த்தம். மிதியல் செருப்புன்னா மிதிக்காத செருப்பு, அதாவது மலை. ராசாவப் பாடறப்ப கால்ல போடற செருப்புன்னு யாராச்சும் நெனச்சுட்டா வம்பு பாருங்க, அதான் முன்னாலயே அணை போட்டுட்டாரு 😄

பிரபு பெங்களூர்: செம மாமா 👏👏 அப்ப ஷூவயும் தொட்டுக்கலாமா

சரசு அத்தை: ஷூவ மாட்டோணும், துணியப் போடோணும், சீலையக் கட்டோணும். செருப்பத்தான் தொடோணும். இது தெரியாம இன்சினீரு படிச்சிருக்கற

சாந்தி சித்தி: ஓடிபி கேட்டனே யாருக்கும் காது கேக்கலயா

பிரபு பெங்களூர்: சித்தி, ஓடிபி உங்க போனுக்குத்தான் வரும்