கார்டு எண்ணைச் சேமிக்கவில்லையாம், பிறகு மாதாமாதம் பணம் எப்படி எடுக்கிறார்கள்?

பிறைநிலா:
வணக்கம். நான் மாதச் சந்தா கட்டும் ஒரு நிறுவனத்திடமிருந்து நேற்று மின்னஞ்சல் வந்தது. தரவுக் கசிவாம். அதில் இருந்த வரிகள்: "உங்கள் பெயர், மின்னஞ்சல் முகவரி, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், காலாவதித் தேதி ஆகியவை வெளியாட்கள் கைக்குப் போயிருக்கலாம். முழுக் கார்டு எண்ணும் சிவிவியும் எங்கள் சர்வர்களில் இல்லை."

இல்லையென்றால் மாதம் பிறந்ததும் டாண் என்று பணம் எடுப்பது எப்படி? பொய் சொல்கிறார்களா? கார்டை பிளாக் செய்துவிடவா? இன்னொன்று, கசிவு நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை?

கடைநிலை_கோடர்:
பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நான் பேமென்ட் பக்கம்தான் வேலை பார்க்கிறேன். நீங்கள் கார்டைப் பதிவு செய்தபோது அந்த எண் நேராக பேமென்ட் கேட்வேயின் (கடைக்கும் வங்கிக்கும் நடுவே நின்று பணம் வசூலித்துத் தரும் நிறுவனம்) சர்வருக்குப் போயிருக்கும். கேட்வே பதிலுக்கு நிறுவனத்திடம் கொடுப்பது ஒரு டோக்கன், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. மாதாமாதம் "இந்த டோக்கனில் இவ்வளவு எடு" என்று கேட்வேயிடம் சொல்வார்கள், அவ்வளவுதான். திருடியவர் அந்த டோக்கனை வேறு கடையில் நீட்டிப் பொருள் வாங்க முடியாது. கடைசி நான்கு இலக்கமும் தேதியும் உங்களுக்குத் திரையில் காட்டுவதற்காக வைத்திருப்பவை.

சிவிவி விஷயத்தில் விதி இன்னும் கறார். கார்டு நிறுவனங்கள் சேர்ந்து 2004-இல் கொண்டுவந்த பிசிஐ டிஎஸ்எஸ் விதிமுறைப்படி, பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு வணிகர் அதை வைத்திருக்கவே கூடாது, மறையாக்கம் செய்துகூட. அடுத்தடுத்த மாதச் சந்தாவுக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

"கார்டு எண்ணை ஹேஷ் செய்து பத்திரமாக வைத்திருந்தோம்" என்று எழுதியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன். ஹேஷ் என்பது எண்ணை நேராகத் திருப்பி எடுக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றி வைப்பது. 16 இலக்கத்தில் முதல் ஆறு எந்த வங்கி என்று சொல்லிவிடும். கடைசி நான்கு ஏற்கெனவே வெளியே. மிச்சம் ஆறு, அதாவது பத்து லட்சம் சாத்தியங்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதால் அதுவும் ஒரு லட்சமாகச் சுருங்கிவிடும். ரகசியச் சாவி சேர்க்காத வெறும் ஹேஷ் என்றால் சாதாரண லேப்டாப்பே ஒவ்வொன்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் எண்ணைச் சொல்லிவிடும்.

தூரிகை:
இதெல்லாம் சேமித்து வைத்ததைத் திருடினால். நாம் அடிக்கும்போதே திருடினால்? 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தளத்தில் அதுதான் நடந்தது. தளத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் (நம் உலாவியில் ஓடும் நிரல்) வெறும் 22 வரிகளை நுழைத்துவிட்டார்கள். பணம் கட்டும் பொத்தானை அழுத்தியதும் கார்டு விவரம், சிவிவி உட்பட, திருடர்களின் சர்வருக்கும் ஒரு பிரதி போனது. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை யாருக்கும் தெரியவில்லை. இந்த வகைத் திருட்டில் "நாங்கள் சேமிப்பதில்லை" என்ற பேச்சுக்கு மதிப்பே கிடையாது.

அதனால் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கசிந்தது தரவுத்தளமா, பணம் கட்டும் பக்கமா? நீங்கள் கடைசியாக கார்டு எண்ணை அடித்தது எப்போது என்பதும் முக்கியம்.

பிறைநிலா:
போன வருடம் பதிந்ததோடு சரி, அப்புறம் தொடவே இல்லை. கசிவு இந்த வருடம்தான். எதற்கும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

மணல்மேடு:
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? பிளாக் பண்ணிவிட்டுப் புது கார்டு வாங்குங்கள், நிம்மதி.

கடைநிலை_கோடர்:
வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கார்டு மாறினால் அந்த நிறுவனத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புது கார்டு விவரத்தை வணிகர்களுக்குத் தானாகவே புதுப்பித்துக் கொடுக்கும் சேவை உண்டு. உங்கள் வங்கியும் அவர்களும் அதில் இருந்தால் சந்தா பாட்டுக்கு ஓடும். வேண்டாமென்றால் முதலில் சந்தாவை ரத்து செய்து, அவர்கள் தளத்தில் உள்ள உங்கள் கணக்கிலிருந்து கார்டை நீக்குங்கள்.

எனக்குக் கவலை வேறு. "வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்த நான்கு இலக்கத்தில் முடியும் கார்டுதானே, காலாவதி இந்த மாதம்தானே" என்று ஒருவர் ஆரம்பித்தால் யாருக்கும் நம்பத் தோன்றும். ஓடிபி கேட்பது அதற்கு அடுத்த வாக்கியம். போனை வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

தாமதம் பற்றிக் கேட்டீர்கள். 72 மணி நேரம் என்று எங்காவது படித்திருப்பீர்கள். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டிய கெடு. வாடிக்கையாளருக்குச் சொல்ல மணிக்கணக்கு எதுவும் இல்லை. ஆபத்து அதிகம் என்றால் வீண் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், அவ்வளவே. 2016-இல் 5.7 கோடிப் பேரின் விவரம் போனதை ஊபர் 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னது. அதைப் பார்த்தால் சில வாரம் என்பது பரவாயில்லை ரகம்.

பிறைநிலா:
பதில் வந்துவிட்டது. தரவுத்தளம் மட்டும்தானாம், பணம் கட்டும் பக்கத்தைத் தொடவில்லையாம். இப்போதைக்கு கார்டை மாற்றப் போவதில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிட்டேன், ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். நன்றி எல்லோருக்கும், மணல்மேட்டாருக்கும் சேர்த்து.