மறு: லேமினேட் தரைக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

லேமினேட் தரைக்கு (மரம்போலத் தோன்றும், அடுக்குகளாக அழுத்திய பலகைத் தரை) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘மென்தகட்டு மரத்தரை’ என்று வைத்துவிடலாம். கடைக்காரர்களும் ‘வுட்டன் ஃபுளோர்’ என்றுதானே சொல்கிறார்கள்?

கடைக்காரர் சொல்வதில்தான் சிக்கலே. அறுத்த பலகை பதித்த தரையும் அவருக்கு அதுதான், மரம்போல அச்சிட்ட பிவிசி பிளாஸ்டிக் விரிப்பும் அதுதான், லேமினேட்டும் அதுதான். மூன்றும் வேறு வேறு பொருள்கள். சுற்றுச்சூழல் கணக்கும் வேறு.

லேமினேட்டில் கண்ணுக்குத் தெரியும் தேக்கு வரிகள் வெறும் அச்சிட்ட காகிதம். அதன்மேல் மெலமைன் பிசினும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்த தெளிந்த படலம். மரம் இருப்பது நடுவில்: சில்லுகளை ஆவியில் வேகவைத்து, நாராக அரைத்து, பிசின் கலந்து அழுத்திய பலகை. அடர்த்தி கனமீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல். இந்த நாருக்கு முற்றிய தேக்கு எதற்கு? அறுவை ஆலைக் கழிவும், தோப்பில் கழிக்கும் மெல்லிய மரமும் போதும். மலேசியாவில் பால் வற்றிய ரப்பர் மரம்தான் நார்ப்பலகை ஆலைகளுக்கு முக்கியத் தீனி. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். தரை இருக்கும்வரை அது காற்றுக்குப் போகாமல் உள்ளேயே கிடக்கும்.

இந்த நன்மையெல்லாம் நாரில் இருக்கிறது, மேலே ஒட்டிய மென்தகட்டில் இல்லை. ஆகவே என் பரிந்துரை ‘நார்ப்பலகைத் தரை’. துல்லியம் வேண்டிய இடத்தில் ‘படலமிட்ட நார்ப்பலகைத் தரை’.

> ‘பசுந்தரை’ சுருக்கமாக, அழகாக இருக்குமே?

புல்வெளி என்று நினைத்துக்கொள்வார்கள்! விளம்பரத்துக்கு ஆகும், அகராதிக்கு ஆகாது. நாரை ஒட்டுவது பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசின். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இந்தக் கசிவுக்கு வரம்பு வைக்கும் ஐரோப்பாவின் ‘இ1’ தரம் அனுமதிப்பது கனமீட்டர் காற்றுக்கு 0.124 மில்லிகிராம் வரை. பிசின் இறுகிய பழைய பலகையை மறுசுழற்சி செய்வதும் லேசில்லை. பெயரிலேயே பச்சை பூசிவிட்டால் இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?

அப்புறம், ‘கிளிக்’ இணைப்புக்கும் ஒரு சொல் வேண்டும். 1990களின் பிற்பாதியில் வந்த முறை. ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடியை (ஓரத்தில் வெட்டிய பள்ளத்தை) பசையில்லாமல் கவ்விக்கொள்ளும். கழற்றி வேறு அறையில் போடலாம் என்பதால் இதுவும் சூழலுக்கு நல்லதுதான். ‘சொடுக்கு’ என்றால் கணினிச் சுட்டிதான் நினைவுக்கு வருகிறது; ‘கவ்வுப் பொருத்து’ சரியாக இருக்குமா? குழுவில் தச்சு வேலை தெரிந்தவர்கள் இருந்தால், பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.