பாரம் அடியில் இருந்தால் கப்பல் ஏன் அதிகக் கடுமையாக ஆடுகிறது?

கேள்வி

எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கப்பல் நிலையாக இருக்கும் என்றே படித்திருக்கிறேன். ஆனால் இரும்புத் தாது ஏற்றும் கப்பல்களில் சரக்கறையின் தளத்தை உயர்த்திக் கட்டி, பாரத்தை வேண்டுமென்றே மேலே கொண்டுவருகிறார்கள் என்றும், அப்படிச் செய்யாவிட்டால் ரோலிங் எனப்படும் பக்கவாட்டு ஆட்டம் தாங்க முடியாத அளவுக்கு வெடுக்கென்று இருக்கும் என்றும் அறிகிறேன். நிலைத்தன்மை கூடினால் ஆட்டம் குறையத்தானே வேண்டும்?

பதில் 1

கவிழாமல் இருப்பதும் ஆடாமல் இருப்பதும் வேறு வேறு. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது நீரில் அமிழ்ந்துள்ள பகுதியின் வடிவம் மாறி, மிதப்பு மையம், அதாவது நீர் கப்பலை மேலே தள்ளும் விசை செயல்படும் புள்ளி, சாய்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. அதன் வழியே மேல்நோக்கி வரையும் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளியே மெட்டாசென்டர். பிரெஞ்சு அறிஞர் பியர் புகேர் 1746இல் விளக்கிய கருத்து இது. ஈர்ப்பு மையத்திலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள உயரத்தை ஜிஎம் என்கிறோம். பாரத்தைக் கீழே இறக்கினால் ஜிஎம் கூடும். கப்பலை நிமிர்த்தும் திருப்புவிசையும் அதே விகிதத்தில் கூடும். விறைப்பான சுருள்வில் வேகமாக அதிர்வதைப் போல, நிமிர்த்தும் விசை வலுத்த கப்பலின் ஆட்டக் காலமும் சுருங்கிவிடுகிறது.

தோராயமாக, கப்பலின் அகலத்தை மீட்டரில் எடுத்து 0.8ஆல் பெருக்கி, ஜிஎம்மின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒரு முழு ஆட்டத்துக்கான நொடிகள் கிடைக்கும். 32 மீட்டர் அகலமுள்ள கப்பலுக்கு ஜிஎம் 1 மீட்டர் என்றால் ஏறக்குறைய 26 நொடி. 4 மீட்டர் என்றால் 13 நொடி. சாயும் கோணம் ஒன்றாகவே இருந்தாலும், காலம் பாதியானால் முடுக்கம் நான்கு மடங்காகிறது. கன்டெய்னர்களைக் கட்டியுள்ள கம்பிகளை அறுப்பதும் மாலுமிகளைக் கீழே தள்ளுவதும் பெரும்பாலும் இந்த முடுக்கம்தான்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு, என் பார்வையில் முக்கியமானது இதுவே. அலையின் மேல் மிதக்கும் சிறு தெப்பத்தில் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால், அது பூமியை நோக்கிச் செங்குத்தாக நிற்காது. அலையின் சரிவுக்குச் செங்குத்தாகவே நிற்கும். அதாவது, நிமிர்த்தும் விசை கப்பலை நிமிர்த்தப் பார்ப்பது அலைப்பரப்பை அளவாகக் கொண்டுதான். தொடுவானத்தை அது அறியாது. ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1861இல் தெளிவுபடுத்தியது இதைத்தான். ஆகவே ஜிஎம் மிகுந்த கப்பல் ஒவ்வோர் அலையின் சரிவையும் விடாமல் பின்தொடர்கிறது. ஜிஎம் குறைந்த கப்பல் திரும்பத் தொடங்குவதற்குள் அலை கடந்து போய்விடுகிறது.

கேள்வி கேட்டவர்

நன்றி, தூக்குக்குண்டைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அப்படியென்றால் ஜிஎம்மை முடிந்தவரை குறைத்து, ஆட்டக் காலத்தை 26 நொடிக்கும் மேலே கொண்டுபோய்விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில் 2

தீராது. சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருப்பவன் என்ற முறையில், கப்பல் மெதுவாக ஆடுவதைக் காட்டிலும் வேகமாக ஆடுவதே எனக்கு நிம்மதி. பல ஆட்டங்களின் நேரத்தை எடுத்துச் சராசரி பார்ப்போம். கணக்கில் வந்த காலத்தைவிட நீண்டிருந்தால் ஜிஎம் எங்கோ குறைந்திருக்கிறது என்று பொருள். பாதி நிரம்பிய தொட்டி பெரும்பாலும் இதற்குக் காரணம்: கப்பல் சாயும் பக்கத்துக்கே நீரும் ஓடுவதால், ஈர்ப்பு மையம் உயர்ந்ததற்கு ஒப்பான விளைவு ஏற்படுகிறது. இந்த இழப்பு தொட்டி அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், நடுவில் நெடுக்காக ஒரு தடுப்புச்சுவர் வைத்தாலே அது கால் பங்காகக் குறைந்துவிடும்.

நீண்ட ஆட்டக் காலத்துக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. அலைகள் முகப்பிலிருந்து வரும்போது, உச்சி கப்பலின் நடுவில் நின்றால் விரிந்த முகப்பும் பின்புறமும் நீரிலிருந்து வெளிப்பட்டு ஜிஎம் குறைகிறது. பள்ளம் நடுவில் வந்தால் கூடுகிறது. கப்பலின் நீளத்தை ஒத்த அலைகள் ஆட்டக் காலத்தின் பாதிக்கு ஒரு முறை எதிர்ப்பட்டால், வெளியே சாயும்போது எதிர்ப்பு குறைவு, திரும்பும்போது இழுப்பு அதிகம் என்றாகி, ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டத்துக்கு ஆற்றல் சேர்கிறது. 15 நொடி அலையின் நீளம் ஏறக்குறைய 350 மீட்டர். அதை நோக்கி 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கி.மீ.) வேகத்தில் சென்றால் 13 நொடிக்கு ஓர் அலை எதிர்ப்படும். நீங்கள் சொன்ன 26 நொடிக்கு இது சரியாகப் பாதி! பக்கவாட்டில் அலையே இல்லாமல் கப்பல் 30 பாகைக்கு மேல் சாய இது போதும். 1998 அக்டோபரில் வட பசிபிக்கில் ஏபிஎல் சைனா என்ற கப்பல் நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை இழந்ததற்கு இதையே காரணமாகக் காட்டுகிறார்கள்.

ஆட்டத்தைத் தணிக்க எளிய வழி, அடிப்பக்க வளைவில் நீளவாக்கில் பொருத்தும் பில்ஜ் கீல் என்ற தகடு. அது ஆட்டக் காலத்தை அதிகம் மாற்றாது. நீரில் சுழல்களை உண்டாக்கி ஆற்றலைக் கரைத்துவிடும்.

பதில் 3

மேலே சொன்னவை சரிதான், ஆனால் ஜிஎம் சிறு சாய்வுகளுக்கு மட்டுமே பொருந்தும் அளவு என்பதையும் சேர்க்க வேண்டும். 1870 செப்டம்பரில் ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அருகே கவிழ்ந்த எச்எம்எஸ் கேப்டன் என்ற போர்க்கப்பலும், உடன் சென்ற மோனார்க்கும் சிறு கோணங்களில் ஏறக்குறைய ஒரே அளவு நிலைத்தன்மை உடையவை. கேப்டனின் மேல்தளம் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்ததால், 14 பாகை அளவிலேயே தளத்தின் விளிம்பு நீரைத் தொட்டது; 21 பாகைக்கு மேல் நிமிர்த்தும் விசை குறையத் தொடங்கி, சுமார் 54 பாகையில் அற்றுப்போனது. பக்கச்சுவர்கள் உயர்ந்த மோனார்க்கில் அந்த விசை 40 பாகை வரை வளர்ந்துகொண்டே சென்றது. அதே இரவின் அதே காற்றில் அது கவிழாமல் தப்பியது.